பீனிக்ஸ், தண்ணீர், வெக்கை – கடிதம்

வணக்கம்.

பாலைநில நகரங்கள் பற்றிய உங்கள் தொடரில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள பீனிக்ஸ் பற்றி எழுதியதை இரண்டு முறை படித்தேன். என் மகளும் மருமகனும் ஏழு மாதமாக பீனிக்ஸை ஒட்டிய சாண்ட்லரில் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் சிப் தொழிற்சாலையில் வேலை. இப்போது வீடு வாங்கப் போகிறோம் என்கிறார்கள். நான் ராஜபாளையத்துக்காரன், கண்மாய்ப் பாசனத்தைப் பார்த்து வளர்ந்தவன். வருஷத்துக்கு 18 செ.மீ. மழை பெய்கிற இடத்தில் 50 லட்சம் பேர் குடியிருப்பதை என் மனசு ஒப்பவில்லை. கொலராடோ ஆறு வற்றிக்கொண்டு வருகிறது என்று பேப்பரிலும் போடுகிறான். இருபது வருஷத்தில் காலி செய்யவேண்டிய ஊரில் எதற்கு வீடு என்று கேட்டேன். மகள் கோபித்துக்கொண்டாள். நான் கேட்டது தவறா? இன்னொன்று, ஜூலையில் நானும் என் மனைவியும் அங்கே போகலாம் என்றிருக்கிறோம். போகலாமா?

ராஜபாளையம் வாசகர்

அன்புள்ள ஐயா,

கேள்வி தவறில்லை. ஆனால் நீங்கள் பயப்படவேண்டிய இடம் வேறு. அந்த ஊர் தாகத்தால் சாகாது. அங்கே ஆட்களைக் கொல்வது வெக்கை, அதிலும் ராத்திரி வெக்கை.

முதலில் தண்ணீர். பீனிக்ஸ் மாநகராட்சிக்கு வரும் நீரில் பாதிக்கு மேல் கொலராடோவிலிருந்து வருவதல்ல. சால்ட், வெர்டே என்ற இரண்டு ஆறுகள் வடகிழக்கு மலைகளில் பனி உருகி இறங்குகின்றன. சால்ட் ஆற்றின் குறுக்கே 1911-ல் ரூஸ்வெல்ட் அணை கட்டி முடிக்கப்பட்டது. அணைக்கான அரசுக் கடனுக்கு ஈடாகப் பள்ளத்தாக்கின் விவசாயிகள் 1903-ல் சங்கம் அமைத்துத் தங்கள் நிலத்தை எழுதிக்கொடுத்தார்கள். அன்று எழுதிக்கொடுத்த நிலத்துக்குத்தான் இன்றும் அந்த நீரில் உரிமை. வயல் போய் வீடு வந்தாலும் உரிமை மண்ணோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

உங்கள் மகளை ஒருநாள் பீனிக்ஸ், டெம்பி, மெசா பக்கத்துப் பழைய தெருக்களைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். சில வீடுகளின் தோட்டம் தெருமட்டத்துக்குக் கீழே இறங்கியிருக்கும், சுற்றிலும் ஒரு சாண் உயரத்துக்கு வரப்பு. கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முறைத்தண்ணீர் வரும். முறை ராத்திரி இரண்டு மணிக்கு விழுந்தால் இரண்டு மணிக்குத்தான். ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு, டார்ச்சோடு போய் மடையைத் திருகித் திறக்கவேண்டும். அரை மணியோ முக்கால் மணியோ, தங்கள் பங்கு முடிந்ததும் அந்த நிமிடமே அடைத்துவிடவேண்டும். அடுத்த வீட்டுக்காரர் காத்துக்கொண்டிருப்பார். பெரிய வாய்க்கால்களில் மதகைத் திறந்து அடைப்பவருக்கு அங்கே ‘சன்ஹேரோ’ என்று பெயர். ஸ்பானியச் சொல். நம் ஊரில் நீர்க்கட்டி, மடைக்குடும்பன் என்கிறோமே, அதே வேலை, அதே சண்டைகள்.

கொலராடோ நீர் வருவது தனி வழியில். ஹவாசு ஏரியில் தொடங்கி டூசான் வரை 540 கி.மீ. நீளத்துக்கு ஒரு கால்வாய். 1973-ல் வெட்டத் தொடங்கி 1993-ல் முடித்தார்கள். நீர் தானாக ஓடி வருவதில்லை, ஏற்றித் தள்ளவேண்டும். முதல் பம்ப் நிலையத்திலேயே 250 மீட்டர் ஏற்றம். கடைசி வரை கணக்கிட்டால் 870 மீட்டருக்கு மேல். அந்த மாநிலத்திலேயே மிக அதிகமாக மின்சாரம் செலவழிக்கும் ஒற்றைப் பயனாளர் இந்தக் கால்வாய்தான்.

இதில் அரிசோனாவுக்கு ஒரு பழைய பலவீனம் உண்டு. கால்வாய்க்கு 1968-ல் மத்திய அரசின் அனுமதி வேண்டியிருந்தபோது கலிபோர்னியா போட்ட நிபந்தனை, பற்றாக்குறை வந்தால் எங்கள் பங்குக்குப் பிறகுதான் உங்கள் கால்வாய் என்பது. ஒப்புக்கொண்டார்கள். அதனால் 2022-ஆம் ஆண்டுக்கென முதல்முறையாகப் பற்றாக்குறை அறிவிக்கப்பட்டபோது அரிசோனாவுக்கு 5.12 லட்சம் ஏக்கர்-அடி (ஏக்கர்-அடி என்பது ஒரு ஏக்கரில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் நீர்) வெட்டு விழுந்தது. நம் கணக்கில் 22 டி.எம்.சி.க்குச் சற்று மேல், அதன் பங்கில் 18 சதவீதம். அந்த வெட்டு நகரத்துக் குழாய்களுக்கு வரவில்லை, பினால் மாவட்டத்தில் பருத்தியும் குதிரைமசால் என்ற தீவனப்பயிரும் போடும் விவசாயிகளின் தலையில் விழுந்தது. ஆற்றுப் பங்கீட்டுக்கு 2007-ல் போட்ட விதிகளின் காலமும் 2026-ஓடு முடிகிறது. இனி வரப்போகும் வெட்டு இதைவிடப் பெரிதாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம்.

ஆனாலும் ஊர் காலியாகாது என்கிறேன். காரணம் நீங்களே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு. குதிரைமசாலுக்கு அந்த வெயிலில் ஏக்கருக்கு ஆண்டுக்குச் சுமார் 6 ஏக்கர்-அடி நீர் வேண்டும். ஒரு ஏக்கர்-அடி என்பது 12.33 லட்சம் லிட்டர், ஏறத்தாழ மூன்று வீடுகளின் ஓராண்டுத் தேவை. அதே ஏக்கரில் நான்கு வீடு கட்டினால் ஒன்றரை ஏக்கர்-அடியிலேயே காரியம் முடிந்துவிடும். மாநிலத்தின் மொத்த நீர்ச் செலவு 1950-களில் இருந்த அளவிலேயே இன்றும் நிற்கிறது. மக்கள்தொகை மட்டும் பல மடங்கு. பீனிக்ஸ் மாநகரில் 1950-ல் 1.07 லட்சம் பேர், 2020-ல் 16.08 லட்சம். வயல் வீடாக மாறியதால்தான் இது முடிந்தது. ஒரு விவசாயியின் வாரிசாக உங்களுக்கு இது கசக்கும். எனக்கும் கசக்கத்தான் செய்கிறது.

கழிவுநீரையும் அங்கே கொட்டுவதில்லை. நகருக்கு மேற்கே 80 கி.மீ. தள்ளி பாலோ வெர்டே அணுமின் நிலையம் இருக்கிறது. பக்கத்தில் ஆறில்லை, கடலில்லை. மூன்று உலைகளும் குளிர்வது நகரங்கள் சுத்திகரித்து அனுப்பும் சாக்கடை நீரில். ஆண்டுக்குச் சுமார் 7,500 கோடி லிட்டர்.

நிலத்தடி நீருக்கு 1980-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். பெருநகரப் பகுதியில் மனை பிரித்து விற்கவேண்டுமானால் 100 ஆண்டுக்கு நீர் உண்டு என்று காட்டவேண்டும். 2023 ஜூனில் மாநில அரசின் நிலத்தடி நீர்க் கணக்கில் 100 ஆண்டுத் தேவையில் 4 சதவீதம் துண்டு விழுந்தது. உடனே, நிலத்தடி நீரை மட்டும் நம்பும் புதிய மனைப்பிரிவுகளுக்குச் சான்று தருவதை நிறுத்தினார்கள். 4 சதவீதத்துக்கு இப்படி ஒரு முடிவெடுக்கிற அரசு எனக்கு நம்பிக்கை தருகிறது.

ஓட்டையும் உண்டு. ஆறு மனைக்குக் குறைவாகப் பிரித்தால் இந்தச் சட்டம் பொருந்தாது. ஸ்காட்ஸ்டேலை ஒட்டியுள்ள ரியோ வெர்டே ஃபுட்ஹில்ஸ் அப்படித் துண்டு துண்டாகப் பிரித்து வளர்ந்த இடம். பல நூறு வீடுகள் லாரித் தண்ணீரில் ஓடின. 2023 ஜனவரி 1-ல் ஸ்காட்ஸ்டேல் மாநகராட்சி அந்த லாரிகளுக்கு நீர் தருவதை நிறுத்தியது. லாரிகள் தொலைவுக்குப் போய்ப் பிடித்து வந்தன. விலை ஏறியது, பாத்திரம் கழுவாமலிருக்கக் காகிதத் தட்டில் சாப்பிட்டார்கள். ஆகவே மகள் வீடு பார்க்கும்போது கேட்கவேண்டிய முதல் கேள்வி, தண்ணீர் தருவது யார் என்பது. சாண்ட்லர் மாநகராட்சிக்கு 100 ஆண்டு உறுதி முறைப்படி இருக்கிறது. அதன் குழாய் வரும் வீடு என்றால் பயமில்லை. விளிம்பில் கிணறு, தொட்டி, லாரி என்று யாராவது சொன்னால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

இனி வெக்கை. 2023-ல் ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை 31 நாள் தொடர்ந்து வெப்பம் 43.3 டிகிரியைத் தொட்டது அல்லது தாண்டியது. பகலைவிட இரவைப் பாருங்கள். தொடர்ந்து 16 இரவுகள் 32 டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லை. ஜூலை 19 அன்று மிகக் குறைந்த வெப்பமே 36. ஊருக்கு வெளியே வெறும் பாலை இருட்டியதும் சட்டென்று ஆறிவிடும். தார்ச்சாலையும் கான்கிரீட்டும் பகலெல்லாம் குடித்த சூட்டை விடியும்வரை கக்குகின்றன. லட்சக்கணக்கான ஏ.சி.கள் வீட்டுச் சூட்டையெல்லாம் தெருவில் கொட்டுகின்றன. அந்த ஆண்டு பீனிக்ஸ் அடங்கிய மாரிகோபா மாவட்டத்தில் வெப்பத்தால் இறந்தவர்கள் 645 பேர். 2014-ல் அந்த எண்ணிக்கை 61.

இறந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் வீடற்றவர்கள். நான்கில் ஒரு பங்கினர் வீட்டுக்குள்ளேயே இறந்தார்கள். அந்த வீடுகளில் பெரும்பாலானவற்றில் ஏ.சி. இருந்தது, ஆனால் வேலை செய்யவில்லை. இதைத்தான் ஊன்றிக் கவனிக்கவேண்டும். வெளியே நிற்கும் யூனிட்டில் ஒரு கெப்பாசிட்டர் உண்டு, சில பத்து டாலருக்கு மேல் போகாத சாமான். அடுத்தடுத்து வரும் சூட்டில் அது வலுவிழக்கும். யூனிட் உறுமும், ஃபேன் சுற்றாது. ஜூலையில் மெக்கானிக் வர இரண்டு நாளானால், அந்த இரண்டு நாளும் தனியாக இருக்கும் முதியவருக்குக் கெடு. தகரச் சுவர் கொண்ட நகரும் வீடுகளில் வசிப்பவர்களுக்கு இரண்டு நாள்கூட இல்லை. 2018-ல் கட்டணத்தில் 51 டாலர் பாக்கி என்று மின்சாரம் துண்டிக்கப்பட்டு 72 வயதுப் பெண்மணி ஒருவர் இறந்தார். அதன் பிறகுதான் ஜூன் 1 முதல் அக்டோபர் 15 வரை பாக்கிக்காக இணைப்பைத் துண்டிக்கக் கூடாது என்ற விதி வந்தது.

நம் ஊர் ஏர் கூலர் அங்கேயும் உண்டு, பழைய வீடுகளின் கூரையில். ஜூனில் 43 டிகிரி, ஈரப்பதம் 10 சதவீதம் என்றால் அது 25 டிகிரிக் காற்றைத் தரும். ஜூலையில் மழைக்காற்று திரும்பி ஈரப்பதம் 35-க்கு ஏறிவிட்டால், வெளியே 40 என்றாலும் உள்ளே வருவது 29, 30 டிகிரிப் பிசுபிசுப்பு. கூலர் கைவிடுவது சரியாக அந்த வாரங்களில்தான்.

தண்ணீரும் வெக்கையும் முட்டிக்கொள்ளும் இடம் வீட்டு முற்றம். நீரைச் சேமிக்கிறோம் என்று புல்லைப் பெயர்த்துச் சரளையைக் கொட்டினால் சுவரோரம் இரவெல்லாம் கொதிக்கும். முறைத்தண்ணீர் பாயும் பழைய தெருக்கள் மரமடர்ந்து குளிர்ந்திருக்கின்றன. ரயில் தண்டவாளத்துக்குத் தெற்கே, கறுப்பினத்தவரையும் மெக்சிகோ வம்சாவளியினரையும் ஒதுக்கி வைத்திருந்த தென்பீனிக்ஸில் நிழல் குறைவு, சூடு அதிகம். சாலைகளுக்குச் சாம்பல் நிறப் பூச்சு பூசிப் பார்த்தார்கள். தரைச்சூடு 6 டிகிரி வரை குறைந்தது. ஆனால் உச்சிவேளையில் அதன்மேல் நடப்பவர்மேல் எதிரொளிச் சூடு கூடுதலாக அடித்தது. மரத்துக்கு மாற்று இல்லை.

எந்த மரம் என்று கேட்டால், மெஸ்கீட். உங்கள் பக்கத்துக் கண்மாய்களை அடைத்துக்கிடக்கும் சீமைக்கருவேலத்தின் பங்காளி. அங்கே அதுதான் மண்ணின் மரம். அதன் நெற்றை இடித்து மாவாக்கித் தின்று வாழ்ந்தவர்கள் அக்கிமெல் ஓதம் மக்கள். அந்தப் பெயருக்கே ஆற்று மக்கள் என்று பொருள். 19-ஆம் நூற்றாண்டில் மேலே குடியேறியவர்கள் ஆற்றைத் திருப்பிவிட, கோதுமை விற்றுக்கொண்டிருந்த அவர்கள் பட்டினியில் விழுந்தார்கள். 2004-ல் வந்த சட்டம் ஆண்டுக்கு 6.5 லட்சம் ஏக்கர்-அடிக்கு மேல் அவர்களுக்குத் திருப்பித் தந்தது. இன்று நகரங்கள் அவர்களிடம் தண்ணீர் கேட்டு நிற்கின்றன. 2024-ல் அக்கிமெல் ஓதம் மக்கள் குஜராத்தைப் போலக் கால்வாயின்மேல் சோலார் தகடுகளும் போட்டார்கள், அமெரிக்காவிலேயே முதல்முறையாக.

மெஸ்கீட் வைப்பவர்கள் செய்யும் தவறு, சொட்டுக்குழாயை அடிமரத்தருகே வைத்துத் தினமும் கொஞ்சம் விடுவது. வேர் மேலேயே படர்ந்துவிடும், ஜூலைப் புயலில் மரம் வேரோடு சாயும். கிளை முடியும் வட்டத்தில், இரண்டு மூன்றடி ஆழம் ஊறும்படி, பல நாள் இடைவெளி விட்டுப் பாய்ச்சவேண்டும். வீட்டுக்கு மேற்கே வைத்தால் மாலை வெயில் சுவரில் விழாது.

புழுதிப்புயல் பற்றி மருமகனிடம் ஒன்று சொல்லுங்கள். கார் ஓட்டும்போது சுவர்போல எழுந்து வந்தால் சாலையை விட்டு முழுக்க இறங்கி நிறுத்தவேண்டும், எல்லா விளக்கையும் அணைக்கவேண்டும், பிரேக்கிலிருந்து காலை எடுக்கவேண்டும். பின்விளக்கு எரிந்தால் அதுதான் சாலை என்று நினைத்துப் பின்னால் வருபவர் மோதிவிடுவார். அந்த மண்ணில் ஒரு பூஞ்சை உண்டு, மூச்சில் போனால் ‘வேலி ஃபீவர்’ வரும். இருமல், காய்ச்சல், வாரக்கணக்கில் அசதி. சாதாரண நிமோனியா என்று ஆன்டிபயாடிக் கொடுத்துக் காலம் கடத்திவிடுவார்கள். இருமல் விடவில்லை என்றால் அதற்கான ரத்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்கவேண்டும்.

வீடு வாங்கும்போது ஏ.சி.யின் வயதைக் கேட்கட்டும். ஏப்ரலிலேயே மெக்கானிக்கை வரவழைத்துக் கெப்பாசிட்டரை அளந்து பார்த்து, ஒன்று உபரியாகவும் வாங்கி வைக்கட்டும்.

நீங்கள் இருவரும் ஜூலையில் போகவேண்டாம். உங்கள் வயதில் அந்த ஊர் வெயில் விளையாட்டல்ல. மதியம் தார்ச்சாலையின் சூடு 70 டிகிரியைத் தாண்டும், தடுக்கி விழுந்தவர்களுக்குத் தோல் வெந்துபோகிறது. தோட்டக் குழாயைத் திறந்தால் முதலில் கொப்புளிக்க வைக்கும் வெந்நீர்தான் வரும். நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் போங்கள். விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே செடாவ் வாக்கி என்ற அருங்காட்சியகம் இருக்கிறது. பல நூற்றாண்டுகளுக்கு முன் அங்கே வாழ்ந்த ஹோஹோகம் மக்கள் இரும்பு மண்வெட்டி கூட இல்லாமல், குச்சியாலும் கல்லாலும் தோண்டிய வாய்க்கால்களின் கரைகள் அங்கே இன்னும் மண்ணில் தெரிகின்றன. மைலுக்கு ஓரடி இரண்டடிதான் சரிவு. 1860-களில் வந்த குடியேறிகள் அந்தத் தடத்திலேயே தூர்வாரித்தான் தங்கள் முதல் வாய்க்கால்களை ஓடவிட்டார்கள். அந்தக் கரையில் நின்று வாட்டம் பார்க்க உங்களுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

அன்புடன்.