தனியாகக் குடியிருந்தவர் இறந்துவிட்டார், வீட்டுக்காரர் என்ன செய்யலாம்?

கேள்வி: பெருமாள்புரத்தில் எங்கள் மாடி வீட்டில் தனியாக வாடகைக்கு இருந்த பெரியவர் வீட்டுக்குள்ளேயே இறந்துவிட்டார். இரண்டு மாத வாடகை பாக்கி. அட்வான்ஸைக் கேட்டு உறவுக்காரர் என்று யார் யாரோ வருகிறார்கள். பூட்டை மாற்றி, சாமான்களை வெளியே எடுத்து வைத்துவிட்டு வேறு ஆளுக்கு விடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். பூட்டைத் தொடாதீர்கள்.

வாடகைக்கு இருந்தவர் இறந்த அன்றே வீடு நம் கைக்கு வந்துவிட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கும் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் மீதியிருக்கும் காலத்துக்கான உரிமை வாரிசுக்குப் போகும். மனைவி மக்கள் கூடவே குடியிருந்தால் அந்தக் காலம் முடியும்வரை அவர்களைக் கிளப்ப முடியாது. கரண்டையும் தண்ணீரையும் நிறுத்தி நெருக்கடி கொடுப்பதற்கும் அந்தச் சட்டத்திலேயே தடை இருக்கிறது. உங்கள் பெரியவர் தனி ஆள். அதனால் யாரும் வந்து குடியேறப் போவதில்லை. ஆனாலும் உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளும் அவருடைய வாரிசுக்குச் சொந்தம். இறந்தவரிடம் இருந்த பொருளைக் கெட்ட எண்ணத்தோடு எடுத்துக்கொள்வது பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 315-ஆம் பிரிவில் தனிக் குற்றம். மூன்று வருடம் வரை சிறை. பாக்கிக்கு ஈடாக டிவியை எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

போலீசுக்குச் சொல்லிவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. தனியாக இருந்தவர், பக்கத்தில் ஆள் இல்லை, என்ன காரணம் என்று தெரியாது என்றால் நிலையத்தில் எழுதிக் கொடுத்துத்தான் ஆகவேண்டும். சந்தேகப்படும்படி இருந்தால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 194-ஆம் பிரிவில் வழக்குப் பதிந்து விசாரணை செய்வார்கள், உடல் கூறாய்வுக்குப் போகும். அதெல்லாம் முடிந்து, வீட்டைத் திறக்கலாம் என்று அவர்கள் சொல்லும்வரை கழுவிவிடுவது, வெள்ளையடிப்பது எதுவும் கூடாது. மரணத்தை 21 நாளுக்குள் பதிய வேண்டும். இறப்புச் சான்றிதழ் இல்லாமல் மேற்கொண்டு ஒரு காகிதமும் நகராது. அதனால் உறவுக்காரர்கள் அசட்டையாக இருந்தால் நீங்களே நினைவுபடுத்துங்கள்.

இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது எங்கள் வளவில் நடந்த ஒரு சாவினால்தான். பாளையங்கோட்டையில் அப்பா விட்டுப்போன வளவு, வரிசையாகச் சின்ன வீடுகள். அதில் ஒன்றில் மில் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு அண்ணாச்சி பல வருடமாக இருந்தார். ஒரு நாள் காலையில் பட்டாசலில் விழுந்து கிடந்தார். துட்டி கேட்க வந்த இடத்திலேயே அவருடைய அக்கா மகன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மாமாவோட அட்வான்ஸ இப்பமே குடுத்துருங்க, செலவுக்கு வேணும்" என்றார். உண்மையாகவே செலவு இருந்தது. ஆனால் அவர் வாரிசு இல்லை. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஓர் ஆண் உயில் எழுதாமல் இறந்தால் முதலில் வருகிறவர்கள் மனைவி, பிள்ளைகள், தாய். மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. அண்ணாச்சிக்குப் பேச்சுவார்த்தை விட்டுப்போன மனைவியும், மும்பையில் கட்டிக்கொடுத்த ஒரு மகளும் இருந்தார்கள். அக்கா மகன் கையில் மொத்தத்தையும் கொடுத்திருந்தால், நாளைக்கு மகள் வந்து கேட்கும்போது நான் இரண்டாவது தடவையும் கொடுக்க வேண்டியிருக்கும்.

அதற்காக, செத்துக் கிடக்கிற மனுசனுக்குச் செய்ய வேண்டியதைத் தடுக்க முடியுமா? வண்டி வாடகையையும் சுடுகாட்டுச் செலவையும் நானே நேரில் கட்டி ரசீது வாங்கி வைத்துக்கொண்டேன். இறந்தவர் சொத்திலிருந்து ஈமச் செலவுதான் முதலில் கழியும், மற்ற கடனெல்லாம் அதற்கு அப்புறம்தான் என்று இந்திய வாரிசுரிமைச் சட்டமே சொல்கிறது. மகளும் அதை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

வீட்டைத் திறந்தது அந்த மகள் வந்த பிறகுதான். மகள், அந்த அக்கா மகன், பக்கத்து வீட்டு டீச்சர், நான் ஆகிய நால்வரும் உள்ளே போனோம். டீச்சர் ஒரு நோட்டில் எழுத எழுத, இன்னொரு பக்கம் செல்போனில் படம் எடுத்துக்கொண்டே இருந்தோம். கட்டில், டிரங்குப் பெட்டி, குத்துவிளக்கு, பாஸ்புக், பென்ஷன் காகிதங்கள். அடுக்களையில் அரிசி டின்னைக் கவிழ்த்தபோது ஒரு மஞ்சள் பை விழுந்தது. உள்ளே ரப்பர் போட்டுச் சுருட்டிய ரூபாய் நோட்டுகள், ஒரு சின்ன மோதிரம். எல்லாரும் பார்க்க எண்ணி, தொகையைப் பட்டியலில் ஏற்றி, நால்வரும் கையெழுத்துப் போட்டோம். மோதிரத்தை மகள் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, அது தன்னுடைய காதுகுத்துக்கு வந்தது என்று சொல்லி அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அந்த வீட்டை முன்னாடியே நான் தனியாகத் திறந்து ஒதுங்க வைத்திருந்தால், அந்தப் பை எங்கே போயிருக்கும், யார் மேல் பழி வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நீங்களும் இப்படியே செய்யுங்கள். வருகிற எல்லாரிடமும் ஒரே பதில்: தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழ் வரட்டும், அதில் பெயர் உள்ள எல்லாரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இ-சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம். வாரிசுகளுக்குள் தகராறு என்றால் சிவில் நீதிமன்றத்தில் வாரிசுரிமைச் சான்று வாங்கி வரச் சொல்லுங்கள். அதை வைத்திருப்பவரிடம் அட்வான்ஸைக் கொடுத்தால் உங்கள் பொறுப்பு அத்தோடு தீர்ந்தது. சாமான் எடுத்துப் போகும் நாளில், வீட்டைக் காலி செய்து சாவி ஒப்படைத்தோம், இனி எங்களுக்கு இதில் உரிமை இல்லை என்று எழுதி வாங்குங்கள். உங்களுக்கு வேண்டிய காகிதம் இதுதான். இது கையில் வந்த அன்றே வீட்டை வேறு ஆளுக்கு விடலாம்.

பாக்கி வாடகையையும் கரண்டு பில்லையும் அட்வான்ஸில் கழித்து, கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அதற்கு மேலும் பாக்கி இருந்தால், அவர் விட்டுப்போன சொத்து அளவுக்குத்தான் வாரிசுகளிடம் கேட்கலாம். அவர்கள் சொந்தக் காசிலிருந்து கொடு என்று கேட்க முடியாது. வழக்குப் போட மூன்று வருடம் வரை அவகாசம் உண்டு.

யாருமே வராவிட்டால்தான் கொஞ்சம் இழுக்கும். ஒப்பந்தத்திலும் ஆதாரிலும் உள்ள முகவரிக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். போலீஸ் நிலையத்துக்கும் தாசில்தாருக்கும் எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வாரிசே இல்லாதவர் சொத்து அரசுக்குப் போகும் என்பதால் தாசில்தாருக்குத் தெரிவிப்பது முக்கியம். அப்புறம் வக்கீல் வைத்து வாடகை நீதிமன்றத்துக்குப் போங்கள். எழுத்தில் ஒப்பந்தம் போடாமல் விட்டிருந்தால், முன்பு சொன்ன 2017 வாடகைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவில் அதுவே காலி செய்யக் கேட்பதற்கு ஒரு காரணம். மாதக்கணக்கில் வாடகை நின்றுபோவது கஷ்டம்தான். ஆனால் பூட்டை உடைத்தால், சட்டப்படி இல்லாமல் வெளியேற்றினார்கள் என்று ஆறு மாதத்துக்குள் ஒரு வாரிசு வழக்குப் போட இடம் இருக்கிறது. அந்த வழக்கில் வீடு யாருக்குச் சொந்தம் என்றே பார்க்க மாட்டார்கள்.

அடுத்துக் குடிவருகிறவர் கேட்டால் நடந்ததைச் சொல்லிவிடுங்கள். எங்கள் வளவில் நான் சொல்லித்தான் விட்டேன். இப்போது அங்கே ஒரு செவிலியர் குடும்பம் இருக்கிறது.