சரித்திரத்தில் எந்த நாட்டை, எந்தக் காலத்தில் அரசராக இருந்து ஆள விரும்புவீர்கள்?

மதுரை. பாண்டிய நாடு. மாறவர்மன் குலசேகரன் காலம். 1268-ல் பட்டத்துக்கு வந்து நாற்பது வருஷம் போல ஆண்டவர். அந்த ஆட்சியின் பின்பாதி எனக்கு வேண்டும்.

இப்படிக் கேட்டால் நம் ஆட்கள் பெரும்பாலும் ராஜராஜன் பெயரைத்தான் சொல்வார்கள். பெரிய கோயில் 1010-ல் முடிந்துவிட்டது, அதற்கு மேல் நான் போய் அங்கே செய்ய என்ன மிச்சம் இருக்கிறது? எனக்குக் காரைக்குடி பக்கம், அதனால் மனசு முதலில் போனது சிவகங்கைச் சீமைக்குத்தான். 1772-ல் காளையார்கோவிலில் முத்துவடுகநாதர் கும்பெனிப் படையிடம் உயிரை விட்டதும், வேலு நாச்சியார் எட்டு வருஷம் விருப்பாச்சிப் பக்கம் இருந்து படை திரட்டி 1780-ல் சீமையை மீட்டதும் இங்கே பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அந்த அம்மா செய்ததைவிட நான் நன்றாகச் செய்வேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்த இடம் அவருடையது.

குலசேகரன் விஷயம் அப்படியில்லை. 1279-ல் கடைசிச் சோழன் மூன்றாம் ராஜேந்திரனையும் ஹொய்சாள ராமநாதனையும் ஜெயித்து, தமிழ்நாட்டில் எதிர்த்துக் கேட்க ஆளில்லாமல் இருந்தவர். தாமிரபரணி கடலில் சேரும் இடத்தில் காயல் துறைமுகம், ஹொர்மூசிலிருந்தும் ஏடனிலிருந்தும் கப்பல் வருகிறது, முத்துக்குளிப்பில் பத்தில் ஒரு பங்கு அரசாங்கத்துக்கு. கஜானா நிரம்பி வழிகிறது. இவ்வளவும் இருந்து, 1311-ல் டெல்லி சுல்தானின் தளபதி மாலிக் காபூர் வந்து அள்ளிக்கொண்டு போனான். கையில் எல்லாம் இருந்தும் வீட்டு நிர்வாகம் சரியில்லாமல் விழுந்த ராஜ்யம் என்றுதான் நான் அதைப் பார்க்கிறேன், ஒருத்தர் பொறுப்பாக உட்கார்ந்து கணக்குப் பார்த்திருந்தால் நின்றிருக்கும் என்று நிஜமாகவே நம்புகிறேன்.

ஆனால் நான் அந்த நாட்டைத் தேர்ந்தெடுக்க முதல் காரணம் வேறு. 1292 வாக்கில் அந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ ஒரு வழக்கத்தை எழுதிவைத்திருக்கிறார். கடன் வாங்கியவன் இன்று நாளை என்று இழுத்தடித்தால், கடன் கொடுத்தவன் சமயம் பார்த்து அவனைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் போட்டுவிடலாம். பணத்தைக் கொடுக்காமல், இல்லை அதற்கு ஒரு வழி சொல்லாமல், அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மரண தண்டனை. இதில் ராஜாவுக்கும் விலக்கு இல்லை. வெளிநாட்டு வியாபாரி ஒருவருக்கு ராஜா பாக்கி வைத்திருந்தார், பலமுறை கேட்டும் தரவில்லை, ஒருநாள் ராஜா குதிரையில் போகும்போது அந்த வியாபாரி குதிரையையும் சேர்த்துச் சுற்றி வட்டம் போட்டுவிட்டார். ராஜா குதிரையை நிறுத்தி, அந்த வியாபாரியின் பணத்துக்கு வழி பண்ணும்வரை அங்கேயே நின்றாராம். இதைத் தன் கண்ணால் பார்த்ததாக போலோ சொல்கிறார்.

வட்டிக்கடை வைத்துப் பிழைத்த ஊர்க்காரனுக்கு இது என்ன மாதிரியான செய்தி என்று சொல்லத் தெரியவில்லை. எங்கள் ஐயா பர்மாவில் ஒரு வட்டிக்கடையில் அடுத்தாளாக, அதாவது முதலாளியின் ஏஜெண்டுக்கு உதவியாளாக, இருந்தவர். 1942-ல் ஜப்பான்காரன் வந்தபோது அங்கிருந்து திரும்பிய கூட்டத்தில் அவரும் ஒருவர். அவர் கொண்டுவந்த பேரேடு ஒன்று இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. மேலே பிள்ளையார் சுழி, கீழே பர்மாக்காரர்களின் பெயர்கள் நம் எழுத்தில், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே கொடுத்த தொகை, வட்டி விகிதம். வரவுப் பக்கம் கடைசிப் பக்கங்களில் வெறும் தாள். கொடுத்தவர்கள் செய்ததும் எல்லாம் நியாயம் என்று நான் சொல்ல வரவில்லை, முப்பதுகளில் நெல் விலை சரிந்தபோது கீழ் பர்மாவில் விவசாயிகளின் நிலம் ஏராளமாகச் செட்டியார் கடைகளுக்குக் கைமாறியது, அந்த விவசாயிக்கு அதில் எவ்வளவு வயிற்றெரிச்சல் இருந்திருக்கும். வாக்குக்கும் கணக்குக்கும் மேலே ஒரு ஒழுங்கு நிற்காவிட்டால் கொடுத்தவனும் அழிகிறான், வாங்கினவனும் அழிகிறான். ராஜாவே வட்டத்துக்குள் நின்ற நாடு ஒன்று நம் பக்கத்தில் இருந்திருக்கிறது என்றால் எனக்கு அங்கேதான் ஆள வேண்டும். நானும் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டுத்தான்.

சரி, போய் என்ன செய்வேன்? முதலில் குதிரைக் கணக்கு. பாரசீகத்து வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதியிருப்பது இது: பாரசீக வளைகுடாவில் உள்ள கீஷ் தீவின் ஜமாலுத்தீனோடு பாண்டியர்கள் வருஷத்துக்கு 1,400 குதிரை என்று ஒப்பந்தம் போட்டிருந்தார்கள், ஒரு குதிரைக்கு 220 பொன் தினார். அதுவே 3,08,000 தினார் ஆகிறது. இதில் கொடுமை என்னவென்றால், கப்பலில் வரும் வழியில் செத்துப்போன குதிரைக்கும் கஜானாவிலிருந்து பணம். வந்து சேர்ந்ததும் நிலைக்கவில்லை. ராஜா வருஷத்துக்கு இரண்டாயிரத்துக்கு மேல் வாங்குகிறார், வருஷ முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்கிறார் போலோ. குதிரைக்குச் சோறும் வெந்த கறியும் போட்டிருக்கிறார்கள். வைத்தியம் தெரிந்தவர்கள், லாடம் அடிக்கிறவர்கள் நாட்டில் இல்லை, அப்படிப்பட்டவர்கள் இங்கே வந்துவிடாதபடி குதிரை வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்களாம். விற்கிறவன் அப்படித்தான் செய்வான், அவனைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை, வாங்குகிறவனுக்குப் புத்தி வேண்டும். நான் ஒப்பந்தத்தை மாற்றி எழுதுவேன். செத்த குதிரைக்குக் காசு கிடையாது. உயிரோடு இறங்கும் குதிரைக்குப் பாதி விலை கரையில், மீதி ஒரு வருஷம் கழித்து அது நடமாடினால். பத்துக் குதிரைக்கு ஒரு லாடக்காரர் கூட வந்தாக வேண்டும், அவருக்குக் குடியிருக்க வீடும் மானியமும் என் செலவு. தீனிக்கு நம் வானம் பார்த்த பூமியில் கொள்ளு விளையாதா என்ன!

அடுத்தது பிள்ளைகள். குலசேகரனுக்கு சுந்தர பாண்டியன், வீர பாண்டியன் என்று இரண்டு பேர். பட்டத்து ராணியின் மகன் சுந்தரன் இருக்கும்போது வீரனுக்குப் பட்டம் என்று அப்பா முடிவு செய்ததால், 1310-ல் சுந்தரனே அப்பாவைக் கொன்றான் என்று வஸ்ஸாஃப் எழுதுகிறார். கொலையைப் பற்றி எல்லா அறிஞர்களும் ஒத்துப்போவதில்லை, ஆனால் அண்ணன் தம்பி சண்டை நடந்தது, அந்தச் சண்டைக்கு நடுவில்தான் வடக்கத்திப் படை உள்ளே வந்தது. எங்கள் பக்கம் கல்யாணம் ஆனதும் பிள்ளையை 'வேறு வைப்பது' என்று ஒரு வழக்கம் உண்டு. அதே வீடு, அதே வளவு, ஆனால் சமையல் தனி, வரவு செலவு தனி, சாமான் செட்டு எல்லாம் அப்பா அம்மா உயிரோடு இருக்கும்போதே கொடுத்து வைத்துவிடுவார்கள். இது எவ்வளவு சண்டையை மிச்சப்படுத்துகிறது என்று வாழ்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். பாண்டியர்களுக்கும் இது புதுசில்லை, ஒரே சமயத்தில் பலர் முடிசூடி ஆளுக்கொரு பகுதியை ஆண்ட குடும்பம்தான். போலோ ஐந்து ராஜாக்கள் என்கிறார். அப்படியிருக்க, இந்த இருவருக்கும் மட்டும் பாகத்தை எழுதி, கல்லில் வெட்டி, ஊர் அறியச் சொல்லாமல் விட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கொற்கைப் பக்கம் ஒருவனுக்கு, மதுரை ஒருவனுக்கு, காயல் வருமானத்தில் இருவருக்கும் பங்கு. இரண்டு பேரையும் எதிரே உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கிவிட்டுத்தான் மறு வேலை.

அப்புறம் பொக்கிஷம். அங்கே ராஜா செத்தால் பிள்ளை அவர் சேர்த்த பொக்கிஷத்தைத் தொடமாட்டானாம். அப்பா தன் சாமர்த்தியத்தில் சேர்த்தார், நானும் அப்படியே சேர்த்துக்கொள்கிறேன் என்று ஒதுக்கி வைத்துவிடுவானாம், இதுவும் போலோ சொன்னதுதான். கேட்க அழகாக இருக்கிறது, தலைமுறை தலைமுறையாகப் பூட்டியே கிடந்த அந்தப் பொன் கடைசியில் டெல்லிக்குப் போனது என்று நினைக்கும்போது வயிறு எரிகிறது. நான் பூட்டை உடைத்துக் கண்மாய்க்குப் போடுவேன். எங்கள் சீமையில் வருஷம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது, கண்மாய் நிறைந்தால்தான் சோறு. தண்ணீர் வற்றிய கோடையில் பழைய கண்மாய்க்குள் நடந்தால் நடுவில் இரண்டு கல்தூண் ஜோடியாக நிற்கும், குமிழித் தூம்பு என்பார்கள். மேலே ஒரு துளை தண்ணீர் போக, அடியில் சின்னத் துளைகள் சேறு போக. தண்ணீர் பாயும்போதே வண்டலும் வயலுக்குப் போய்விடும், கண்மாயும் மேடாகாது. அந்தத் தூணைத் தொட்டுப் பார்க்கும்போதெல்லாம் இதை யோசித்துச் செதுக்கியவருக்கு எத்தனை பொன் கொடுத்தாலும் தகும் என்று தோன்றும். வைகைக்குத் தெற்கும் வடக்கும் கலுங்கு வழியாக ஒன்று நிறைந்து அடுத்ததுக்கு வழியும்படி கண்மாய்ச் சங்கிலி, அதுதான் என் கஜானா. படை எடுத்து வருகிறவன் கண்மாயை யானை மேல் ஏற்றிக்கொண்டு போக முடியாது.

இலங்கைக்கு மட்டும் படை அனுப்பமாட்டேன். 1284 வாக்கில் யாப்பஹுவாவிலிருந்து புத்தரின் தந்ததாதுவை, அதாவது அவருடைய புனிதப் பல்லை, எடுத்து வந்தார்கள், பிறகு பராக்கிரமபாகு மன்னர் சமாதானம் பேசி வாங்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. நான் பட்டத்துக்கு வரும்போது அது மதுரையில் இருந்தால், அவர் வரும்வரை காத்திருக்காமல் மரியாதையோடு கப்பலில் அனுப்பிவைப்பேன்.

இவ்வளவு செய்தால் 1311 நடந்திருக்காதா என்று கேட்கலாம். மாலிக் காபூருக்கு வழிகாட்டி வந்தவர் ஹொய்சாள மூன்றாம் வல்லாளன். அவர் அதற்குச் சற்று முன்புதான் பாண்டியச் சகோதரர் சண்டையில் ஆதாயம் தேடித் தெற்கே வந்திருந்தார். சண்டையே இல்லையென்றால் அவர் தன் ஊரில் இருந்திருப்பார், ஒருவேளை நம்மோடு சேர்ந்தே நின்றிருப்பார். அந்தப் படை வந்தபோது மழை வேறு பிடித்துக்கொண்டு பாதையெல்லாம் வெள்ளமாக இருந்தது என்று டெல்லி அரசவைக் கவிஞர் அமீர் குஸ்ரோ எழுதுகிறார். நிறைந்த கண்மாய்கள், ஒத்துப்போன இரண்டு பிள்ளைகள், உயிரோடு இருக்கும் குதிரைகள். இந்த மூன்றும் இருந்தால் ஊரைக் காலி செய்துவிட்டு ஓட வேண்டிய அவசியம் மதுரைக்கு வந்திருக்காது என்பது என் கட்சி. வருஷம் கேட்டால் 1290. பிள்ளைகளுக்குப் பாகம் எழுத அதுதான் சரியான சமயம்.