என்ன வேலை பார்க்கிறீங்க?

ஐயா வணக்கம்,

யூட்யூப்ல 'வாட்ஸ் மை லைன்'னு ஒரு பழைய அமெரிக்க டிவி நிகழ்ச்சி, வந்தவர் என்ன வேலை பார்க்கிறார்னு நாலு பேர் பேனல் கேள்வி கேட்டே கண்டுபிடிக்கிற விளையாட்டு, அதோட எபிசோடுகளைப் பார்க்க ஆரம்பிச்சு மூணு மாசம் ஆகுது. நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து ஒண்ணு பார்த்தாதான் தூக்கமே வருது. அந்த கவுன், போ டை, ஒருத்தரை ஒருத்தர் 'மிஸ் ஃபிரான்சிஸ்', 'மிஸ்டர் செர்ஃப்'னு கூப்பிட்டுக்கிற மரியாதை, இதையெல்லாம் பார்த்துட்டு நம்ம காலத்து டிவியைப் பார்த்தா வயிறு எரியுது. நான் பொறந்ததே 1998ல. நான் பார்க்காத காலத்துக்கு, போகாத நியூயார்க்குக்கு இப்படி ஏங்குறது சரிதானா? இன்னிக்கு மனுஷங்களுக்கு ஏன் அந்த கிளாஸ் இல்ல? அந்த பேனல்ல உங்களுக்குப் பிடிச்சவர் யாரு?

க.

அன்புள்ள க.,

உங்க மெயில் வந்த அன்னிக்கு ராத்திரி நானும் அந்த நிகழ்ச்சியைத்தான் பார்த்துட்டிருந்தேன், அதனாலதான் மத்த கடிதமெல்லாம் காத்துக்கிட்டிருக்க உங்களுக்கு முதல்ல எழுதுறேன். நான் பார்த்தது 1956 மார்ச் 18 எபிசோடு. முந்தின நாள் ராத்திரிதான் அந்த பேனல்ல வாராவாரம் உக்காந்த காமெடியன் ஃபிரெட் ஆலன் இறந்து போயிருக்கார். நிகழ்ச்சி நேரடி ஒளிபரப்பு. வழக்கம்போலவே நடத்துங்கன்னு அவர் மனைவி சொல்லிட்டாங்க. ஆரம்பத்துல நிகழ்ச்சியை நடத்துற ஜான் டேலி ரெண்டு வார்த்தை சொல்றார், அப்புறம் விளையாட்டு ஆரம்பிச்சிடுது, ஃபிரெட் நாற்காலில ஸ்டீவ் ஆலன்னு இன்னொரு காமெடியன் உக்காந்து கேள்வி கேக்குறார், எல்லாரும் சிரிக்கவும் செய்றாங்க, கடைசி ஒண்ணரை நிமிஷத்துலதான் பேனல்ல இருந்தவங்க இறந்தவரைப் பத்திப் பேசுறாங்க. யாரும் குரலை உயர்த்தல. அந்த ஒண்ணரை நிமிஷத்தை நான் நாலு தடவை பார்த்தேன்.

ஏங்குறது சரியான்னா, தாராளமா ஏங்குங்க. அதுக்கு யார்கிட்டயும் பர்மிஷன் கேக்க வேண்டாம்.

ஆனா 'கிளாஸ்'னு ஒரு வார்த்தை போட்டிருக்கீங்க பாருங்க, அதுலதான் எனக்குக் கோவம் வந்துச்சு. கவுனும் போ டையும்தான் கிளாஸா தம்பி? 1950 பிப்ரவரில அந்த நிகழ்ச்சி ஆரம்பிச்சப்ப பேனல்ல இருந்த ஆம்பளைங்க சாதாரண சூட்லதான் வந்தாங்க, பார்ட்டி டிரெஸ் எல்லாம் பின்னாடி வந்தது. ஞாயித்துக்கிழமை ராத்திரி பத்தரை மணி நிகழ்ச்சி, விளம்பரம் குடுத்தது வேர்வை நாத்தத்துக்கு அடிக்கிற ஸ்பிரே கம்பெனி. துணி எந்தக் கடையிலயும் கிடைக்கும். அதை விடுங்க.

அந்த கிளாஸ் ஒரு ஆளை எப்படி வெளிய தள்ளுச்சுன்னும் தெரிஞ்சுக்கோங்க. ஆரம்பத்துல அந்த பேனல்ல லூயிஸ் அன்டர்மேயர்னு ஒரு கவிஞர் இருந்தார். கம்யூனிஸ்டுகளுக்கு அனுதாபின்னு சொல்லி எதிர்ப்பு கிளப்பினாங்க, விளம்பரக் கம்பெனி பயந்துச்சு, 1951ல அவரை எடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் ரொம்ப நாள் மனுஷன் வீட்டை விட்டே வெளிய வரலைன்னு நாடகாசிரியர் ஆர்தர் மில்லர் எழுதியிருக்கார். அந்த இடத்துல வந்து உக்காந்தவர்தான் நீங்க ரசிக்கிற 'மிஸ்டர் செர்ஃப்'. ரேண்டம் ஹவுஸ் பதிப்பகத்தை ஆரம்பிச்ச பென்னட் செர்ஃப், தடை பண்ணின ஒரு நாவலுக்காக 1933ல கோர்ட்டுல நின்னு ஜெயிச்சவர். அவர் மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் அவர் சிரிக்கிறப்பெல்லாம் எனக்கு அன்டர்மேயர் ஞாபகம் வராம இருக்கிறதில்ல. அந்தக் காலம் பொற்காலம்னு என்கிட்ட யாரும் சொல்ல வேணாம்.

அப்ப எதைப் பார்த்து நாம மயங்குறோம்? இதைப் பத்தி ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடிட்டிருக்கு. விளையாட்டு என்ன? யாரோ முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர் உள்ள வர்றார், கரும்பலகையில சாக்பீஸால பேரை எழுதுறார், உக்கார்றார். அவர் என்ன வேலை பார்க்கிறார்னு பார்க்கிற நமக்குத் தெரியும், அந்த நாலு பேருக்குத் தெரியாது. சொந்தத் தொழிலா சம்பளமான்னு டேலி ஒரு வரி சொல்வார், அவ்வளவுதான். ஆமாம் இல்லன்னு பதில் சொல்ற மாதிரிதான் கேள்வி கேக்கணும். 'ஆமாம்' வர்ற வரைக்கும் கேட்டுக்கிட்டே போகலாம், ஒரு 'இல்ல' வந்தா உங்க முறை முடிஞ்சுது, வந்தவருக்கு 5 டாலர், பக்கத்துல இருக்கிறவர் ஆரம்பிக்கணும். பத்து 'இல்ல' விழுந்தா வந்தவர் ஜெயிச்சார், 50 டாலரோட கை குலுக்கிட்டுப் போவார். பொண்ணுங்க வந்தா அந்த ஆம்பளைங்க எழுந்து நின்னு கை குடுப்பாங்க.

இதுல என்ன அழகுன்னா, 'இல்ல'ன்னு சொன்ன அடுத்த நொடி வாயை மூடியாகணும். எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் சரி. பேனல்ல இருந்த டாரத்தி கில்கேலன் கொலை கேஸெல்லாம் கவர் பண்ணின ரிப்போர்ட்டர், தோக்கவே பிடிக்காதவங்க, அவங்களும் ஒரு 'இல்ல'வுக்குப் பக்கத்து ஆளுக்கு விட்டுக்குடுத்தாங்க. கேள்வி ரெண்டு விதமா அர்த்தமாகுற மாதிரி இருந்தா டேலி வந்தவர் காதுல குனிஞ்சு ஏதோ கேட்டுட்டு, இந்த அர்த்தத்துல எடுத்துக்கிட்டா ஆமாம், அந்த அர்த்தத்துல இல்லன்னு நீளமா ஒரு விளக்கம் குடுப்பார் பாருங்க, 1941ல பேர்ல் ஹார்பர் தாக்குதல் செய்தியை சிபிஎஸ் ரேடியோவுல அமெரிக்காவுக்குச் சொன்ன மனுஷன், ஒரு சாதாரண வேலைக்காரர் சொன்ன பதில் தப்பா போயிடக் கூடாதுன்னு அவ்வளவு மெனக்கெடுவார். 1963ல ஒரு கிழவர் வந்தார், கோழி பொரிச்சு விக்கிறவர், பேரு கர்னல் சாண்டர்ஸ். இன்னிக்கு நம்ம ஊர் மால்ல எல்லாம் கேஎஃப்சி போர்டுல சிரிக்கிற அதே முகம், அன்னிக்கு அந்த பேனலுக்கு யாருன்னே தெரியல. தெரியாத அந்த ஆள்கிட்டயும் அதே மரியாதையாத்தான் கேட்டாங்க.

இங்க எங்கப்பாவைப் பத்திச் சொல்லியாகணும். அப்பாவுக்கு சாக்கு வியாபாரம். அரிசி மில், சர்க்கரை மண்டின்னு சுத்தி பழைய சாக்கு வாங்கி, உதறி, தரம் பிரிச்சு, கிழிஞ்சதைத் தைச்சு விப்பார். கோணி ஊசி பார்த்திருக்கீங்களா? அரை ஜாணுக்கு இருக்கும், முனை தட்டையா லேசா வளைஞ்சு. அதைத் தள்ளித் தள்ளி அப்பாவோட வலது கட்டை விரல் உள்பக்கம் புளியங்கொட்டை மாதிரி காய்ச்சுப் போயிருக்கும். கல்யாண வீட்டுக்குப் போனா யாராச்சும் கேப்பாங்க, என்ன பண்றீங்க? பிசினஸ். என்ன பிசினஸ்? சாக்கு. 'ஓ'. அந்த 'ஓ'வோட மூஞ்சி அந்தப் பக்கம் திரும்பிடும். நான் பக்கத்துல நின்னு அந்த 'ஓ'வை எத்தனை தடவை கேட்டிருப்பேன், அப்பவே எனக்கு எட்டு ஒன்பது வயசு, புரியும்.

ஒரு கல்யாணப் பந்தியில ஒரு பெரியவர் அப்பா பக்கத்துல உக்காந்தார், பொண்ணு வீட்டுச் சொந்தம். அப்பா சோத்தைப் பிசையறதைப் பார்த்துட்டே இருந்தவர், "ஊசி பிடிக்கிற கையா இது?"ன்னார். அப்பா ஆமான்னார். "துணியா?" துணி மாதிரிதான். "உடுத்துறதா?" இல்லீங்க. அப்பா முகத்துல சின்னதா ஒரு சிரிப்பு வந்துச்சு. பெரியவரும் விடல. "நூலா, சணலா?" சணல்னதும் அவர் சட்டுனு, "அட, எலி கடிச்ச சாக்கை எப்படிங்க தைப்பீங்க, எங்க வீட்ல நெல்லு மூட்டை பூரா அதான் பிரச்சினை"ன்னார். அப்புறம் அப்பாவை நிறுத்த முடியல. கொக்கி போட்டுக் கிழிச்ச சாக்கு சுலபம், இழை அறுந்திருக்கும் அவ்வளவுதான், எலி கடிச்சா ஓரத்தை மென்னு வெச்சிருக்கும், நல்ல இழை கிடைக்கிற வரைக்கும் சுத்தி வெட்டி எடுத்துட்டுத்தான் ஒட்டு போடணும், சர்க்கரை சாக்குன்னா எறும்பு விடாது, வெயில்ல ரெண்டு நாள் போடணும். பாயசம் வந்து ஆறிப்போச்சு. அடுத்த பந்திக்காரங்க பின்னாடி வந்து நிக்கிறாங்க, ரெண்டு பேரும் எழுந்திரிக்கல. அப்பா அவ்வளவு பேசி அதுக்கு முன்னாடியும் நான் பார்த்ததில்ல, அதுக்கப்புறமும் பார்த்ததில்ல.

அந்தப் பெரியவர் போட்டிருந்தது கதர் சட்டை, காலர் நைஞ்சு போயிருந்தது.

அதனாலதான் சொல்றேன், இன்னிக்கு மனுஷங்களுக்கு இல்ல, அன்னிக்கு இருந்துச்சுன்னு பொத்தாம்பொதுவா அடிச்சு விடாதீங்க. நீங்க அதுல ரசிக்கிறது ஒருத்தர்கிட்ட அவர் வேலையைப் பத்தி ஆசையா கேக்குறதை. டிவில கத்துறவங்க யாராவது எதிர்ல இருக்கிற ஆளைக் கேள்வி கேட்டு நீங்க பார்த்திருக்கீங்களா? கேள்வி மாதிரி தொடங்கும், முடியறப்ப தீர்ப்பா இருக்கும். அது உடுப்புக் குறைச்சல் இல்ல தம்பி. மூணு மாசமா ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துப் பார்க்கிற நீங்களே கவுன்ல நின்னுட்டா எப்படி?

கோவிச்சுக்காதீங்க. உங்க கடிதம் பிடிச்சிருந்தது, பிடிக்காத கடிதத்துக்கு நான் இவ்வளவு எழுத மாட்டேன்.

பிடிச்சவர் யாருன்னு கேட்டிருந்தீங்க. ஆர்லீன் ஃபிரான்சிஸ்தான். கழுத்துல அந்த இதய வடிவ வைரப் பதக்கம் போட்டுக்கிட்டு, வந்தவர் சொல்ற 'இல்ல'வுக்குக் கூட சந்தோஷப்படுவாங்க. ஆனா எங்கப்பா வேலையை டாரத்திதான் கண்டுபிடிச்சிருப்பாங்கன்னு தோணுது. 1965 நவம்பர் 7 ஞாயித்துக்கிழமை ராத்திரி நேரடி நிகழ்ச்சில உக்காந்து விளையாடிட்டு வீட்டுக்குப் போனவங்க, மறுநாள் உயிரோட இல்ல, வயசு 52. அதுக்கு முன்னாடி, 1953, 54 வாக்குல ஆர்லீன், டாரத்தி, செர்ஃப், ஸ்டீவ் ஆலன் நாலு பேரும் ஒண்ணா இருந்தப்ப எங்கப்பா அங்க போயிருந்தா எப்படி இருந்திருக்கும்னு இப்பல்லாம் படுத்துக்கிட்டே யோசிப்பேன். சொந்தத் தொழில், ஒரு பொருள் சம்பந்தப்பட்டதுன்னு டேலி சொல்வார். அது சாப்பிடுற பொருளான்னு செர்ஃப் கேப்பார், 5 டாலர் நமக்கு. ஸ்டீவ் ஆலன் அவரோட பேர்போன கேள்வியைக் கேப்பார், அது ரொட்டி வெக்கிற டப்பாவை விடப் பெருசா? அப்பா யோசிப்பார், மடிச்சா சின்னது, விரிச்சா பெருசு. உடனே டேலி குனிஞ்சு அவர் காதுல மெதுவா கேப்பார், அப்புறம் நிமிர்ந்து அந்த நீளமான விளக்கத்தை ஆரம்பிப்பார்.

கரும்பலகையில பேர் எழுதறதுக்கு அப்பாவுக்கு ஒரு கஷ்டமும் இருந்திருக்காது. சாக்கு மேல மார்க் போட எப்பவும் சாக்பீஸ் அவர் சட்டைப் பையிலதான் இருக்கும்.