நூலகங்கள் சமூக ஊடகங்கள் வழியாக மக்களை எப்படி ஈர்க்கலாம்?

நூலகத்தில் வேலை செய்கிறேன், அதன் முகநூல், இன்ஸ்டாகிராம் பக்கங்களையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். என் அனுபவத்தில், அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதை அப்படியே படம் எடுத்துப் போட்டால் யாரும் நின்று பார்ப்பதில்லை. "நாளை விடுமுறை" என்ற பதிவு தேவைதான், ஆனால் அதைப் படிப்பவர் திருப்பிச் சொல்ல என்ன இருக்கிறது? மக்களுக்குத் தெரிந்த ஒன்றை நாம் கேட்டால்தான் பேச்சு தொடங்கும்.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம். 2008 ஜனவரியில் அது தன்னிடமிருந்த பழைய புகைப்படங்களில் சுமார் 3,000-ஐ ஃப்ளிக்கர் என்ற புகைப்படப் பகிர்வுத் தளத்தில் ஏற்றியது. படத்தைக் காட்டுவதோடு விடாமல், இதைப் பற்றித் தெரிந்தவர்கள் எழுதுங்கள் என்றும் கேட்டுக்கொண்டது. எங்கெங்கோ இருந்தவர்கள் பழைய செய்தித்தாள்களைத் துழாவி, ஆள் யார், இடம் எது, எந்த நாள் என்று கண்டுபிடித்து எழுதினார்கள். நூலகர்கள் அவற்றைச் சரிபார்த்துத் தங்கள் பட்டியலில் உள்ள விவரங்களைத் திருத்தினார்கள். அந்தக் கடைசி வேலைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. தான் சொன்னது வீண் போகவில்லை என்று தெரிந்தவர் மறுபடி வருவார்.

சின்ன நூலகத்தாலும் இது முடியும். உள்ளூர்ப் பழைய படம் ஒன்றைப் போட்டு "இது எந்தத் தெரு?" என்று கேளுங்கள். அடுத்து வாங்கப்போகும் புத்தகங்களுக்கு வாக்கெடுப்பு வையுங்கள். வைத்தால், வென்ற புத்தகத்தை வாங்கியே ஆகவேண்டும். அது அலமாரிக்கு வந்ததும் வாக்களித்தவர்களுக்குச் சொல்லவும் வேண்டும். பேச்சுக்குக் கேட்டுவிட்டு மறந்துபோவதற்குக் கேட்காமலே இருக்கலாம்.

அப்புறம், யாரும் எடுக்காத புத்தகங்கள். ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் உண்டு என்பது இந்திய நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் மூன்றாவது. அந்த வாசகரைத் தேட இன்று கைபேசி போதும். நூலகர் ஒருவர் அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் தனக்குப் பிடித்த ஒரு விஷயத்தை ஒரு நிமிடம் பேசினால் போதும். வெறும் அட்டைப்படம் போடுவதைவிட இது நன்றாக வேலை செய்கிறது. வீடியோவில் எழுத்து வரிகளும், படங்களுக்கு மாற்று விவரிப்பும் (படத்தில் இருப்பதைச் சொல்லும் எழுத்து) சேர்த்துவிடுங்கள், காது கேளாதவர்களும் பார்வையற்றவர்களும் நம் வாசகர்களே.

எல்லாத் தளங்களிலும் கணக்குத் தொடங்க வேண்டாம். உங்கள் வாசகர்கள் இருக்கும் ஒன்றில் ஒழுங்காகப் பதில் சொன்னால் போதும். யார் என்ன புத்தகம் எடுத்தார் என்பது எந்தப் பதிவிலும் வெளியே வரக்கூடாது. குழந்தைகளின் படத்தைப் பெற்றோர் அனுமதி இல்லாமல் போடக்கூடாது. இந்த இரண்டிலும் எனக்குச் சமரசமே கிடையாது.

சமூக ஊடகமே பயன்படுத்தாத வாசகர்களும் நிறைய இருக்கிறார்கள். இணையத்தில் கேட்ட அதே கேள்வியை ஒரு தாளில் எழுதி, பேனாவோடு நூல் வழங்கும் மேசையில் வையுங்கள். அங்கே வரும் பதில்களையும் பக்கத்தில் ஏற்றுங்கள்.