தென்னஞ்சாராயக் கொக்டெயில் ஏன் தண்ணியாய்ப் போகிறது?

மட்டக்களப்பு வெக்கையில் தேசிக்காயும் சாராயமும் கலந்தால் சப்பென்று வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் பிழை ஐஸில்தான். தட்டிலிருந்து எடுத்து வெளியே வைத்த கட்டி ஏற்கனவே கசிந்திருக்கும். அந்தத் தண்ணீரும் சேர்ந்தே கிளாசுக்குள் போகிறது. பிரீசரிலிருந்து நேரே, பெரிய கட்டிகளாகப் போடுங்கள்.

ஒருவருக்கு அளவு: சாராயம் 50 மி.லீ., தேசிச்சாறு 25, சீனிப்பாகு 20. பாகுக்குச் சீனியும் சுடுதண்ணியும் சம அளவு, கரைத்து ஆறவிட வேண்டும். சீனியை அப்படியே போட்டால் குளிரில் கரையாமல் அடியில் மணலாய்க் கிடக்கும். ஷேக்கர் தேவையில்லை, இறுக்கமான மூடியுள்ள ஜாம் போத்தல் போதும். போத்தல் நிறைய ஐஸ், 12 விநாடி பலமாகக் குலுக்கல், உடனே வடித்தல். தேசிக்காயைத் தோல் நசியப் பிழியாதீர்கள், கசக்கும். சாறும் அன்றன்று பிழிந்ததாக இருக்கட்டும்.

இஞ்சிச் சோடா சேர்ப்பதென்றால் கடைசியில், கிளாசில்தான். போத்தலுக்குள் ஊற்றிக் குலுக்கினால் மூடி பறக்கும்.

சாராயத்தின் லேபலையும் பாருங்கள். மலிவான பலவற்றில் வேறு மதுசாரம் கலந்திருக்கும்; தென்னையின் வாசம் அதில் எடுபடாது. நல்ல சாராயத்துக்குச் சீனிப்பாகை 15 மி.லீ. ஆகக் குறைக்கலாம்.