பட்டா கிடைக்காத கொள்ளுத்தாத்தா
வேர்களைத் தேடும் வாசகர்களுக்கான கேள்வி - பதில்

கேள்வி: என் மருமகள் அமெரிக்கப் பெண். அவளுடைய கொள்ளுத்தாத்தா 1880-களில் நெப்ராஸ்கா புல்வெளியில், அரசு கொடுத்த நிலத்தில், மண்கட்டி வீட்டில் வாழ்ந்த ஏழை விவசாயி என்று சொல்கிறார்கள். வேறு எந்த விவரமும் இல்லை. நிலப் பட்டாக்களைத் தேடும் அரசு இணையதளத்தில் அவர் பெயரே வரவில்லை. பேரப்பிள்ளைகளுக்காக எழுதி வைக்க ஆசைப்படுகிறேன். எங்கே தொடங்குவது?

பதில்: பெயர் வராததையே முதல் தடயமாக வைத்துக்கொள்ளுங்கள். 1862-ஆம் ஆண்டு ஹோம்ஸ்டெட் சட்டப்படி, குடும்பத் தலைவரோ 21 வயது நிரம்பியவரோ சுமார் 18 டாலர் கட்டணத்தில் 160 ஏக்கர் வரை அரசு நிலம் கேட்க முடிந்தது. ஐந்து ஆண்டுகள் அங்கேயே குடியிருந்து, வீடு கட்டி, உழுது, அதை இரண்டு சாட்சிகளோடு நிரூபித்தால்தான் பட்டா கிடைத்தது. நீங்கள் பார்த்த தளத்தில் பட்டா வாங்கியவர்கள் மட்டுமே இருக்கிறார்கள். வறட்சியாலோ கடனாலோ மூன்றாம் வருடமே விட்டுப் போனவரை அங்கே தேடிப் பயனில்லை.

அப்படிப்பட்டவர் 'டிராக்ட் புக்' எனும் நிலவாரிப் பதிவேட்டில் இருப்பார். நம் ஊர் அடங்கல் போல, ஒவ்வொரு துண்டு நிலத்தையும் யார் எப்போது கேட்டார், பட்டா வாங்கினாரா, விட்டுக்கொடுத்தாரா, பதிவு ரத்தானதா என்று அதில் வரிவரியாக எழுதியிருக்கும். இதன் படங்களைக் குடும்ப வரலாறு தேடும் ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் பதிவேடு நிலத்தின் வரிசையில் இருக்கிறது, ஆள் பெயர் வரிசையில் இல்லை. எனவே நிலம் எந்தப் பக்கம் என்று முதலில் தெரியவேண்டும்.

அதற்கு அக்கம்பக்கத்தாரைப் பிடியுங்கள். நெப்ராஸ்காவில் 1885-இல் தனியாக ஒரு சென்சஸ் எடுத்தார்கள். அதில் உங்கள் குடும்பத்துக்கு மேலும் கீழும் உள்ள ஐந்தாறு குடும்பப் பெயர்களைக் குறித்துக்கொண்டு, அவற்றைப் பட்டா தளத்தில் தேடுங்கள். இரண்டு மூன்று பேராவது பட்டா வாங்கியிருப்பார்கள். அவர்களுடைய நிலம் எந்த டவுன்ஷிப் (நில அளவையில் ஒரு சதுரக் கட்டம்) என்று தெரிந்துவிடும். ஒரு டவுன்ஷிப்பில் 36 செக்‌ஷன்கள், ஒரு செக்‌ஷன் 640 ஏக்கர். அந்த டவுன்ஷிப்பின் பக்கங்களை முதலிலிருந்து கடைசி வரை படியுங்கள். ஒரு மாலை நேரம் போகும், அவ்வளவுதான்.

நில விவரத்தை முழுதாக எழுதிக்கொள்ளுங்கள்: 'செக்‌ஷன் 14-இன் வடகிழக்குக் கால்பங்கு, டவுன்ஷிப் 7 வடக்கு, ரேஞ்ச் 22 மேற்கு, ஆறாவது முதன்மை மெரிடியன்' என்பதைப் போல. டவுன்ஷிப் எண்ணை அளவைக்கோட்டிலிருந்து வடக்கே தெற்கே எண்ணுவார்கள்; ரேஞ்ச் எண்ணை மெரிடியன் எனும் நெடுங்கோட்டிலிருந்து கிழக்கே மேற்கே. நெப்ராஸ்கா, கான்சாஸ் இரண்டுக்கும் அளவைக்கோடு ஒன்றே. அதுவே இரு மாநிலங்களின் எல்லையும். வடக்கைத் தெற்கு என்று மாற்றி எழுதினால் நெப்ராஸ்கா நிலம் கான்சாஸில் போய் விழும்.

மாநிலம், நில அலுவலகத்தின் பெயர், பதிவு வகை, பதிவு எண், நில விவரம் ஆகிய ஐந்தும் கையில் இருந்தால் வாஷிங்டனிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் கோப்பின் நகல் கேட்கலாம். ரத்தான பதிவுகளுக்கும் அங்கே கோப்பு உண்டு. ஆனால் அவை மெலிந்தவை: விண்ணப்பமும், விட்டுக்கொடுத்த கடிதமும் இருந்தாலே அதிர்ஷ்டம். பட்டா வரை போன கோப்பில்தான் வீட்டின் நீள அகலம், கிணறு, உழுத ஏக்கர், பிள்ளைகளின் எண்ணிக்கை, ஊரில் இல்லாத மாதங்கள் எல்லாம் இருக்கும். வெளிநாட்டில் பிறந்தவரானால் குடியுரிமைத் தாளின் நகலும் கிடைக்கும். சாட்சி சொன்னவர்களின் பெயரை விட்டுவிடாதீர்கள். பல நேரம் அவர்கள் மைத்துனரோ சம்பந்தியோதான்.

கேள்வி: எங்களுக்குப் பட்டா நகல் கிடைத்தது. ஆனால் '1820-ஆம் ஆண்டுச் சட்டம், ரொக்க விற்பனை' என்று இருக்கிறது. 1820-இல் அவர் பிறக்கவே இல்லை. ஏழைக்கு ரொக்கம் ஏது?

பதில்: 1820 என்பது சட்டம் பிறந்த ஆண்டு. பட்டா வழங்கிய தேதி தனியாக இருக்கும், அதைப் பாருங்கள். ரொக்கத்துக்கும் விளக்கம் உண்டு. ஐந்து ஆண்டுகள் காத்திருக்க முடியாதவர்கள் ஆறு மாதம் குடியிருந்துவிட்டு, பெரும்பாலான இடங்களில் ஏக்கருக்கு 1.25 டாலர் கட்டி நிலத்தை வாங்கிக்கொள்ள முடிந்தது. 1891-க்குப் பிறகு அந்த ஆறு மாதம் பதினான்காக உயர்ந்தது. 160 ஏக்கருக்கு 200 டாலர். கையில் பணமில்லாதவர் கடன் வாங்கித்தான் கட்டியிருப்பார். பணம் கட்டிய தேதியை ஒட்டி, அந்தக் கவுன்ட்டியின் (நம் ஊர் மாவட்டம் போல) பத்திரப் பதிவு அலுவலகத்தில் அதே நிலத்தின் மீது அடமானம் இருக்கிறதா என்று தேடுங்கள். கடன் கொடுத்தவர் பெயரும் வட்டியும் அதில் இருக்கும். கடன் தீர்ந்ததா, நிலம் ஏலத்துக்குப் போனதா என்பதும் அங்கிருந்தே தெரியவரும்.

கேள்வி: 1880 சென்சஸில் இருக்கிறார்கள், 1900-இலும் இருக்கிறார்கள். நடுவில்?

பதில்: 1890 சென்சஸின் பெரும்பகுதி 1921 ஜனவரியில் வாஷிங்டனில் நடந்த தீவிபத்துக்குப் பிறகு இல்லாமல் போனது. அதைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். கான்சாஸ் என்றால் 1885, 1895 மாநில சென்சஸ்கள் உண்டு. எந்த மாநிலத்திலிருந்து கான்சாஸுக்கு வந்தார் என்ற கேள்வியும் அவற்றில் இருக்கிறது. பிறகு 1900-இன் தாளில் தாய்க்கு நேரே உள்ள இரண்டு எண்களைப் பாருங்கள்: பெற்ற பிள்ளைகள் எத்தனை, உயிரோடு இருப்பவர்கள் எத்தனை. ஒன்பது, ஐந்து என்று இருந்தால், அதற்குள் இறந்துபோன நான்கு பிள்ளைகள் அந்தத் தாய்க்கு இருந்திருக்கிறார்கள். குடும்ப மரத்தில் அவர்களுக்கும் இடம் விடுங்கள்.

கேள்வி: நிலமே இல்லாமல் கூலி வேலை செய்தவர்களைப் பற்றி ஏதாவது கிடைக்குமா?

பதில்: கிடைக்கும், கடன் எழுதிய இடத்தில். மாடு, குதிரை, கலப்பை, வயலில் நிற்கும் சோளம் ஆகியவற்றை ஈடு வைத்த அசையும் பொருள் அடமானப் பதிவேடுகளைக் கவுன்ட்டி அலுவலகத்திலும், நெப்ராஸ்காவுக்கு லிங்கன், கான்சாஸுக்கு டொபீகா நகரங்களிலுள்ள மாநில வரலாற்றுச் சங்கங்களிலும் கேளுங்கள். எல்லாக் கவுன்ட்டிகளிலும் அவை மிஞ்சியிருக்காது. மிஞ்சிய இடத்தில், குதிரையின் நிறம், வயது, நெற்றிச் சுட்டி வரை எழுதியிருக்கும். ஓர் ஏழையின் வீட்டில் என்ன இருந்தது என்று காட்ட இதைவிட நேர்மையான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

அடுத்து, கவுன்ட்டி ஆணையர்களின் கூட்டக் குறிப்புகள். ஏழைகளுக்கு நிலக்கரி, மளிகை, மருத்துவர், சவப்பெட்டி என்று செலவழித்த தொகை உள்ளூர் செய்தித்தாளிலும் அச்சாகும். இங்கே ஒரு சிக்கல்: பணம் கடைக்காரருக்குப் போவதால் வரியின் தொடக்கத்தில் அவர் பெயரே இருக்கும், உதவி பெற்றவர் பெயர் நடுவிலோ, இல்லாமலோ இருக்கும். பெயரைத் தட்டித் தேடினால் தப்பிவிடும். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இலவசச் செய்தித்தாள் தொகுப்பில் அந்த மாதங்களின் இதழ்களைக் கண்ணால் படிக்கவேண்டும். 1880-இல் ஆதரவற்றோருக்கென்று தனிப் படிவமும் நிரப்பினார்கள். ஏழைகள் பண்ணையில் (ஆதரவற்றோரைக் கவுன்ட்டி வைத்துப் பராமரித்த இடம்) இருந்தவர் அதில் இருக்கலாம்.

கேள்வி: சமூகப் பாதுகாப்பு எண் விண்ணப்பத்தில் பெற்றோர் பெயர் இருக்குமாமே, 1944-இல் இறந்த தாத்தாவுக்குக் கிடைக்குமா?

பதில்: சொந்தப் பண்ணையிலோ பண்ணைக் கூலியாகவோ மட்டும் இருந்தவரென்றால் பெரும்பாலும் கிடைக்காது. 1950-களில்தான் அவர்களை அந்தத் திட்டத்தில் சேர்த்தார்கள். 1942-இல் மூத்த ஆண்களுக்கு நடந்த ராணுவப் பதிவு அட்டையைத் தேடுங்கள்: 1877 ஏப்ரல் 28-க்கும் 1897 பிப்ரவரி 16-க்கும் இடையே பிறந்தவர்கள் அதில் வருவார்கள்.

கேள்வி: எங்கள் சம்பந்தி வீட்டார் கனடாவின் சஸ்காச்சுவான் பக்கம். இதே முறைதானா?

பதில்: அங்கே சற்றே எளிது. 1872 சட்டப்படி 10 டாலர் கட்டணம், மூன்று ஆண்டுக் குடியிருப்பு. மாகாண ஆவணக் காப்பகத்தில் கோப்புகளை நிலவாரியாக வைத்திருப்பதால், ஒரே கால்பங்கைக் கேட்டு விட்டுப்போனவர்கள் எல்லாரும் ஒரே கோப்பில் இருப்பார்கள். 1906 புல்வெளி மாகாண சென்சஸில் செக்‌ஷன், டவுன்ஷிப், ரேஞ்ச், மெரிடியனோடு குதிரை, கறவை மாடு, பன்றி எத்தனை என்பதும் உண்டு. அதையே முதலில் திறந்து பாருங்கள்.