மைத்துனரின் காருக்கு நான் தவணை கட்டலாமா?

கேள்வி: திருப்பூரில் பனியன் நிறுவனத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். என் மைத்துனர் பழைய காராக வாங்கிய 2019 டீசல் விட்டாரா பிரெஸ்ஸாவை எனக்குத் தருவதாகச் சொல்கிறார். ரொக்கமாக 2.5 லட்சம் கொடுத்துவிட்டு, மீதமுள்ள 40 தவணைகளை (மாதம் ரூ.14,100) நான் கட்ட வேண்டுமாம், கடன் முடிந்ததும் பெயர் மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். கடன் பாக்கி 4.6 லட்சம். உள்ளூர் வியாபாரிகள் இந்த வண்டிக்கு 6.5 லட்சம் மதிப்புச் சொல்கிறார்கள். வீட்டில் வற்புறுத்துகிறார்கள். வாங்கலாமா?

பதில்: வண்டியைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. அதிலுள்ள 1.3 லிட்டர் டீசல் எஞ்சின் நீடித்து உழைக்கக்கூடியது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது மாருதி டீசலைக் கைவிட்டாலும், ஸ்விஃப்ட், டிசையர் போன்ற கார்களிலும் ஓடிய எஞ்சின் என்பதால் உதிரிபாகங்களுக்குப் பஞ்சமில்லை. கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணைக் கொடுத்துச் சர்வீஸ் வரலாற்றைக் கேட்டு வாங்குங்கள். கிளட்ச், சஸ்பென்ஷன் ஆகியவற்றை அங்கேயே பார்க்கச் சொல்லுங்கள்.

என்னைக் கவலைப்பட வைப்பது, உறவுக்குள்தானே என்று பெயர் மாற்றாமலே அடுத்தவர் கடனைக் கட்டும் பழக்கம். 14,100 வீதம் 40 மாதம் என்றால் 5.64 லட்சம், ரொக்கத்தையும் சேர்த்தால் 8.14 லட்சம். இவ்வளவு கொடுத்த பிறகும் கடைசித் தவணை வரை கார் சட்டப்படி உங்களுடையதாக இருக்காது. விபத்தில் வண்டி நொறுங்கினால், காப்பீட்டு பாலிசியும் ஆர்.சி.யும் (பதிவுச் சான்றும்) மைத்துனர் பெயரில் இருப்பதால் நீங்கள் இழப்பீடு கோர முடியாது. நீங்கள் மாதந்தோறும் அனுப்பும் பணத்தை அவர் வேறு அவசரத்துக்குச் செலவழித்து இரண்டு மூன்று தவணை தவறினால், வங்கி வண்டியை உங்கள் வாசலிலிருந்து எடுத்துச் செல்லும். அவருக்கும் இது ஆபத்துதான்: ஆர்.சி.யில் பெயருள்ளவரே உரிமையாளர் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டதால், நீங்கள் ஓட்டும்போது யாருக்காவது அடிபட்டால் வழக்கு அவரைத் தேடி வரும். வீட்டாரிடம் இதையே எடுத்துச் சொல்லுங்கள்.

விலையை 6.5 லட்சமாகப் பேசி முடியுங்கள். உங்கள் 2.5 லட்சத்துடன், உங்கள் பெயரில் 4 லட்சம் பழைய கார் கடன் எடுங்கள். 13 சதவீத வட்டியில் மூன்று ஆண்டுக்குத் தவணை சுமார் ரூ.13,500, மொத்தச் செலவு ஏறக்குறைய 7.35 லட்சம்தான். தவணை குறையும் என்று முகவர்கள் ஆசை காட்டும் ஐந்தாண்டு, ஏழாண்டுக் கடன்கள் வேண்டாம். வண்டியின் மதிப்பு கடனைவிட வேகமாகச் சரியும்.

பாக்கி 4.6 லட்சத்தை மைத்துனர் கையில் கொடுக்காமல், அவருடைய கடன் கணக்கிலேயே நேரடியாகச் செலுத்துங்கள், எஞ்சியது அவருக்கு. முன்கூட்டி முடிப்பதற்கான கட்டணத்தை அவரே ஏற்கட்டும். வங்கியின் தடையில்லாச் சான்றையும், ஆர்.சி.யிலுள்ள கடன் பதிவை நீக்குவதற்கான படிவம் 35-ஐயும் பெற்று, படிவம் 29, 30 ஆகியவற்றுடன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயரை மாற்றுங்கள். காப்பீட்டையும் 14 நாட்களுக்குள் மாற்றிவிடுங்கள். வங்கிக்கு வர அவர் தயங்கினால், அதே விலையில் கடன் பாக்கி இல்லாத வேறு பிரெஸ்ஸாவைத் தேடுங்கள்.